யாரிடம் விட்டுப் போனாள்?

இலங்கையின் கிழக்கே, மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைப் பக்கம் ஒரு கிராமத்தில், மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு பிள்ளையின் சாமத்தியவீட்டுக்கு (பூப்புநீராட்டு விழாவுக்கு) போயிருந்தேன். தண்ணீர் வார்க்கும் நேரம். மாமி முறையானவர்கள் சுற்றி நிற்க, பிள்ளை ஈரத் தலையோடு குனிந்திருந்தாள். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரை, அதில் ஒரு செம்பு, செம்பில் சாய்த்துவைத்த கைப்பேசி. திரையில் அவளுடைய அம்மா. ரியாத்தில் தான் வேலை செய்யும் வீட்டின் சமையலறை மூலையில் நின்று, அழுகைச் சத்தம் வெளியே கேட்டுவிடாமல் தலைத்துணியால் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். நாலு நிமிடம் இருக்கும். யாரோ கூப்பிட்டிருக்க வேண்டும். படம் அப்படியே நின்றுபோனது.

மத்தியானம் தகப்பன் வந்தார். எட்டு வருடத்துக்கு முன்பு வேறு குடும்பம் அமைத்துக்கொண்டு பொலன்னறுவைப் பக்கம் போனவர். இடையில் ஒரு சதம் அனுப்பியதில்லை என்று அம்மம்மா சொன்னார். "தகப்பன் வந்திட்டார்" என்று எழும்பிக் கதிரை கொடுத்தார்கள், சோடா உடைத்துக் கொடுத்தார்கள். பந்தலுக்குப் பின்னால் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த இடத்தில் ஒரு குரல்: "புள்ளையப் போட்டுட்டுப் போனவளுக்கு ஃபோன்ல பார்க்கிறதுதான் குறைச்சல்." இரண்டு மூன்று பேர் ஆமோதித்தார்கள். பந்தல், சமையல், பிள்ளையின் கூறைச்சேலை, அந்தச் சோடா எல்லாமே அவள் அனுப்பிய காசு.

அன்றிலிருந்து அந்த வசனம் எனக்குள் கிடந்து உருள்கிறது. "பிள்ளையை விட்டிட்டுப் போனவள்." மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இதை எத்தனை தரம் கேட்டிருப்போம்! தமிழில் 'விட்டுப் போதல்' என்பதற்கு இரண்டு பொருள். கைவிட்டுப் போவது ஒன்று. ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போவது மற்றது. அவள் செய்தது இரண்டாவது: பிள்ளையைத் தன் தாயிடம் விட்டுப் போனாள். ஊர்வாயில் அந்தத் 'தாயிடம்' மட்டும் விழுந்துவிடுகிறது. அது விழுந்ததும் ஒப்படைத்தவள் கைவிட்டவளாகிவிடுகிறாள்.

இந்தத் தீர்ப்பு மற்ற இடங்களிலும் உண்டு. ஆனால் கிழக்கில் இதற்குத் தனியான ஓர் அழுத்தம் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள எங்கள் வீடுகள் எப்படி அமைந்தவை என்று பார்க்க வேண்டும்.

மட்டக்களப்பு, அம்பாறை கரையோரத்தில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் 'குடி' என்ற குலப்பிரிவு தாய்வழியாகவே வருகிறது. பிள்ளை எந்தக் குடி என்று கேட்டால் தாயின் குடியைத்தான் சொல்லும். கோயில் திருவிழாவில் எந்த நாள் யாருடைய பூசை, பள்ளிவாசல் நிர்வாகத்தில் யார் மரைக்காயர் என்பதெல்லாம் குடியை ஒட்டி நடந்தவை. முக்குவர் சட்டம் என்று எங்களுக்கென ஒரு வழமை இருந்தது. 1876இல் வந்த சட்டத்தோடு நீதிமன்றத்தில் அதன் செல்வாக்கு போனது, ஆனால் வீட்டு வழக்கம் போகவில்லை. கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு பெண்ணுக்குச் சீதனம். மூத்த மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு, தாயும் தகப்பனும் அதே வளவில் இன்னொரு சின்ன வீட்டுக்கு ஒதுங்குவார்கள், பிறகு அடுத்த மகளுக்கு அதுவும் போகும். அக்கரைப்பற்றில் 1969 முதல் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இந்த ஏற்பாட்டை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்.

ஆக ஒரு வளவுக்குள் அம்மம்மா, பெரியம்மா, சின்னம்மா எல்லாரும் கூப்பிடு தூரத்தில் இருப்பார்கள். முஸ்லிம் வீடுகளில் உம்மம்மாவும் சாச்சியும். பிள்ளைக்குப் பசித்தால் எந்த அடுப்பில் சோறு இருக்கிறதோ அங்கே போகும். வெளிநாடு போகும் தாய்க்கு 'நான் போகலாம்' என்ற துணிவைத் தருவது இந்த வளவுதான். அதே வளவுதான் அவளுக்கு எதிராகவும் திரும்புகிறது. வீடு அவளுடையது, குடி அவளுடையது என்பதால் அவள் போனால் வீடே போய்விட்டதாக ஊர் பார்க்கிறது. வந்து சேர்ந்தவரான ஆண் போனால், வந்தவர் போனார் என்பதோடு கதை முடிந்துவிடும்.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவள் ஏன் போகிறாள் என்று கேட்டால், பத்தில் எத்தனை வீட்டில் "மகளுக்கு ஒரு வீடு" என்ற பதில் வருகிறது! கிழக்கில் வீடில்லாத பெண்ணுக்குக் கல்யாணம் பேசுவது கஷ்டம். தாய்வழி வழமை தந்த அந்தக் கடமையை, முன்பு வயலும் மாடும் வைத்திருந்த தகப்பனும் அண்ணன்மாரும் சேர்ந்து சுமந்தார்கள். இப்போது அது ஒரு தாயின் தலையில் நிற்கிறது. மகள் நாளைக்குத் தன் வீட்டில் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் தாய் இன்றைக்கு அந்த வீட்டில் இல்லை.

அண்ணன்மாரும் தகப்பனும் எங்கே போனார்கள் என்பது எங்கள் ஊர்களுக்குத் தெரிந்த கதை. 1990 ஓகஸ்டில் காத்தான்குடி, ஏறாவூர்ப் படுகொலைகள். செப்டெம்பரில் கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமில் இருந்து கொண்டுபோகப்பட்டவர்கள், சத்துருக்கொண்டானில் கொல்லப்பட்டவர்கள். அந்த ஒரு வருடத்தை மட்டும்தான் சொல்கிறேன். விதவைகளும், புருஷன் உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாதவர்களும் பிள்ளைகளோடு நின்றார்கள். பிறகு 2004 டிசம்பர் 26. இலங்கையில் ஆகக்கூடுதலான உயிர்களைச் சுனாமி எடுத்தது அம்பாறை மாவட்டத்தில். அதற்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீடுகளில் பலவற்றை, குடும்பத் தலைவர் என்ற பெயரில் ஆண்கள் பேரில் பதிந்தார்கள். தலைமுறை தலைமுறையாகப் பெண்ணின் பேரில் இருந்த வீடு, நிவாரணப் படிவம் ஒன்றில் கைமாறியது. பெண்கள் அமைப்புகள் இணைப் பெயரிலாவது பதியச் சொல்லிப் போராட வேண்டியிருந்தது. இதன் பாதிப்பைப் பற்றி நாம் போதுமான அளவு பேசவில்லை என்றே நினைக்கிறேன்.

யுத்தம் முடிந்ததும் வாரக் கடன் வந்தது. ஒரு முற்றத்தில் பத்துப் பெண்கள் கூடி, ஒருவருக்கொருவர் பிணை நின்று எடுக்கும் நுண்கடன். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் அவள் வாசலில் வந்து நிற்பார்கள். நிலைமை முற்றி, 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் ஒரு லட்சம் ரூபாய்க்குட்பட்ட நுண்கடன்களைத் தள்ளிவிட அரசாங்கமே முடிவெடுத்தது. அப்படியான ஒரு வாசலுக்குத்தான் வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கும் சப் ஏஜென்ட் வருவார். ஆண்கள் வெளிநாடு போகக் காசு கட்ட வேண்டும். வீட்டுவேலைக்குப் போகும் பெண்ணுக்கு ஏஜென்சியே முற்பணம் கொடுக்கும். கையில் ஒன்றிரண்டு லட்சம் முழுசாகக் கிடைத்தால் கடன் முடியும். பெரும்பாலும் அந்தக் காசு அவள் விமானம் ஏறும் முன்பே முடிந்துவிடும், சில வீடுகளில் புருஷனின் கையில். அதன் பிறகு போகமாட்டேன் என்று சொல்ல வழியில்லை. இரண்டு வருட ஒப்பந்தம்.

இதெல்லாம் நேற்று வந்ததல்ல. இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. 1990களின் நடுப்பகுதியில் இலங்கையிலிருந்து வேலைக்குப் போனவர்களில் நாலில் மூன்று பேர் பெண்கள். நாட்டுக்கு அந்நியச் செலாவணியைக் கொண்டுவந்தவர்கள் என்று மேடையில் புகழ்ந்தார்கள். மேடைக்குக் கீழே 'பிள்ளையைப் போட்டுட்டுப் போனவள்' என்றார்கள். இரண்டையும் சொன்னது அதே ஆட்கள்தான்.

அரசாங்கம் இந்தத் தீர்ப்பை எழுத்தில் எழுதிய ஆண்டு 2013. அந்த ஜனவரி 9ஆம் திகதி மூதூர்ப் பிள்ளை ரிசானா நபீக்குக்குச் சவூதியில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. கடவுச்சீட்டில் வயதைக் கூட்டிக் காட்டி 2005இல் அனுப்பப்பட்டவர் அவர். நாடே அழுதது. அந்த வருட நடுப்பகுதியில் 'குடும்பப் பின்னணி அறிக்கை' என்ற புதிய விதி வந்தது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் வீட்டுவேலைக்குப் போக முடியாது என்றது அது. அதற்கு மேல் என்றால், பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்று காட்டிக் கையொப்பங்கள் வாங்க வேண்டியிருந்தது. சற்று நின்று பாருங்கள். ரிசானா தாய் அல்ல, கல்யாணமே ஆகாத சின்னப்பிள்ளை. அவரை அனுப்பியது பொய் வயது போட்ட தரகு. அந்த அழுகையின் ஆண்டில் வந்த விதி விழுந்ததோ தாய்மார் மீது.

அந்தப் படிவத்தோடு அலைந்த பெண்களை எனக்குத் தெரியும். பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டியிருந்தது. கிராம உத்தியோகத்தர் ஒப்பம். புருஷன் சம்மதம் என்று ஒப்பம். குடித்துவிட்டு அடிக்கும் புருஷனிடம் போய், உன்னை விட்டுத் தூரப் போக அனுமதி தா என்று பேனையை நீட்ட வேண்டியிருந்தது. பதில் பராமரிப்பாளர் என்ற இடத்தில் அம்மம்மாவின் பெயர். கட்டாருக்குக் கட்டட வேலைக்குப் போகும் தகப்பனிடம் உன் பிள்ளையை யார் பார்ப்பார் என்று எந்தப் படிவமும் கேட்கவில்லை. தாய் போன வீட்டில் தகப்பன் இருக்கிறார் என்பதைக்கூடப் படிவம் போதுமான பராமரிப்பாக எடுக்கவில்லை. ஆண் என்றால் பிள்ளை வளர்க்க மாட்டான் என்பதை அரசாங்கம் கேள்வியே இல்லாமல் ஏற்றுக்கொண்டது. இது ஆண்களுக்கும் அவமானம் என்று நான் சொன்னால் எங்கள் ஊரில் சிரிப்பார்கள், ஆனாலும் அதுதான் உண்மை.

கையொப்பம் கிடைக்காதவர்கள் வீட்டில் இருந்துவிட்டார்களா என்றால் இல்லை. பார்வையாளர் விசாவில் போனார்கள். பணியகத்தில் பதிவில்லை, காப்புறுதியில்லை. 2022 நவம்பரில் ஓமானில் இப்படிப் போய் மாட்டிக்கொண்ட பெண்களின் கதை வெளியே வந்தபோதுதான் பலருக்கு அந்தப் பாதை தெரிந்தது. அதே 2022இல் டொலர் தட்டுப்பாடு வந்ததும் விதியைத் தளர்த்தினார்கள். போகக்கூடிய குறைந்த வயது, சவூதிக்கு 25 என்று இருந்தது, எல்லா நாட்டுக்கும் 21 ஆனது. பிள்ளையின் வயது ஐந்திலிருந்து இரண்டாக இறங்கியது. மூன்று வயதுப் பிள்ளையை விட்டுப் போவது 2013இல் தவறு, 2022இல் சரி. பிள்ளையின் தேவை மாறவில்லை, நாட்டின் தேவைதான் மாறியது.

சரி, பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லையா? ஆகிறது. அதை மறைத்து எழுதினால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை.

இரண்டு வயதில் விட்டுப் போன பிள்ளை, நாலு வயதில் திரும்பி வரும் தாயிடம் போகாது. அம்மம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளியும். 'அம்மா' என்று அம்மம்மாவைக் கூப்பிடும், தாயை 'ஃபோன் அம்மா' என்று சொல்லும். வாசலில் கிடக்கும் பெட்டியை உடைத்து நிடோ, டாங், பூப்போட்ட தடித்த போர்வை, கோடாலித் தைலம் என்று ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டித் தாய் கூப்பிடுவாள். பிள்ளை போர்வையைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஓடிவிடும். அந்த இரவில் அந்தத் தாயின் பக்கத்தில் படுத்திருந்த அவளுடைய தாய் என்னிடம் சொன்னார், "விடிய விடிய முழிச்சிருந்தாள், மகன், புள்ளைட காலைப் பிடிச்சிக்கிட்டு."

அம்மம்மாவுக்கும் வயது போகிறது. சீனி வருத்தம், பிரசர், மாதம் ஒரு தரம் ஆஸ்பத்திரிக் கிளினிக். மூன்று பிள்ளைகளை வளர்த்த கை, திரும்பவும் மூன்று பிள்ளைகளுக்குச் சோறு குழைக்கிறது. அவரால் முடியாத இடத்தில் வீட்டின் மூத்த பெண்பிள்ளை இறங்குகிறது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் தம்பிக்குத் தலை வாரி, சோறு கட்டி, அவனைப் பள்ளிக்கூடத்தில் விட்டு, பிறகு தன் பள்ளிக்கூடத்துக்கு இரண்டாம் பாடத்துக்குப் போய்ச் சேர்வாள். ஒரு நாள் போகாமல் விடுவாள், பிறகு ஒரு கிழமை. தாய் மகளுக்கு வீடு கட்டப் போனாள், மகள் படிப்பை விட்டு வீட்டைப் பார்த்தாள். இதுதான் எனக்கு ஆகப் பெரிய வேதனை. ஊர் இதைத் தாயின் குற்றப் பட்டியலில் எழுதுகிறது. அதே வீட்டில் திண்ணையில் படுத்திருக்கும் தகப்பன் ஏன் தலை வாரவில்லை என்று கேட்பதில்லை. பக்கத்து வளவில் இருக்கும் நாங்கள் என்ன செய்தோம் என்றும் கேட்பதில்லை.

பாதுகாப்பும் அப்படித்தான். தாய் இல்லாத வீட்டில் பெண்பிள்ளைக்கு ஆபத்து என்று சொல்கிறோம். ஆபத்து யாரிடமிருந்து வருகிறது என்பதை வாய்விட்டுச் சொல்வதில்லை. தெரிந்த ஆணிடமிருந்துதான் வருகிறது, சில வேளை வீட்டுக்குள்ளேயே. 1929 என்ற சிறுவர் உதவி இலக்கம் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டியிருக்கிறது. பிள்ளை அதை அழைப்பதற்குமுன் ஊர் தாயை அழைத்துத் திட்டிவிடுகிறது.

இதுவரை சொன்னது வேலைக்குப் போன தாயைப் பற்றி. அவளுக்காவது 'பாவம், கஷ்டத்துக்குப் போனாள்' என்று ஒரு சிலர் இருப்பார்கள். அடி தாங்காமல் வெளியே போனவளுக்கு, மறுமணம் செய்தவளுக்கு, வேறொருவரோடு போனவளுக்கு அதுவும் இல்லை. செய்தித் தளங்கள் 'கல்நெஞ்சத் தாய்' என்று தலைப்புப் போடும். கல்நெஞ்சத் தந்தை என்ற தலைப்பை நான் இன்னும் பார்க்கவில்லை. ஆனால் சட்டம் அப்படிப் பிரிக்கவில்லை. தண்டனைச் சட்டக்கோவையின் 308ஆம் பிரிவு, பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையை முற்றாகக் கைவிடும் நோக்கத்தோடு விட்டுச் செல்லும் 'தந்தையோ தாயோ' என்றே பேசுகிறது. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டமும் பிள்ளைச் செலவை இரண்டு பேர் மீதும் வைக்கிறது. சட்டத்தில் இரண்டு பேர், ஊர்வாயில் ஒருத்தி.

மறுமணம் செய்த தாய் பிள்ளையைத் தன் தாயிடம் விடுவது கிழக்கில் பழைய வழக்கம். புதுப் புருஷன் வீட்டில் பிள்ளைக்கு மரியாதை இருக்காது என்ற பயம் அதற்குக் காரணம், பல வேளை நியாயமான பயம். இஸ்லாமியச் சட்ட மரபில்கூட, தாய் மறுமணம் செய்தால் சின்னப்பிள்ளையின் வளர்ப்புரிமை முதலில் தாயின் தாய்க்குத்தான் போகிறது. நம் முன்னோர்கள் இப்படி ஒரு நிலைமை வரும் என்று தெரிந்து இடம் வைத்திருந்தார்கள். நாம்தான் அந்த இடத்தை மறந்து பழியை மட்டும் வைத்துக்கொண்டோம்.

சில தாய்மார் உண்மையாகவே திரும்பிப் பார்க்காமல் போயிருக்கிறார்கள். அவர்கள் எல்லாரையும் நியாயப்படுத்த நான் வரவில்லை. அப்படி விடப்பட்ட ஒரு பிள்ளை வளர்ந்து, "அம்மாவை மன்னிக்க மாட்டேன்" என்று சொன்னால், அதற்கு முன்னால் நான் வாய் திறக்க மாட்டேன். அந்தக் கோபம் அந்தப் பிள்ளைக்குச் சொந்தம். பாத்திரம் கழுவும் இடத்தில் நின்று பேசும் நமக்குச் சொந்தமில்லை. நாம் அந்தப் பேச்சைப் பேசும்போது கேட்டுக்கொண்டிருப்பது பெரும்பாலும் பிள்ளைதான். தாயை மூதேவி என்று கேட்டு வளரும் பிள்ளை, அந்த மூதேவியின் வயிற்றில் பிறந்ததாகத்தான் தன்னையும் நினைக்கும்.

கல்முனைக்குப் பக்கத்தில் பாண்டிருப்புத் திரௌபதி அம்மன் கோயிலில் பதினெட்டு நாள் சடங்கு நடக்கும், தீமிதிப்போடு முடியும். பாரதக் கதை அங்கே வெறும் கதையாக இல்லை, ஊரே அதற்குள் நடக்கும். கிழக்கில் கூத்துக் களரிகளிலும் கர்ணன் விழும் இரவில் குந்தி வந்து மகனே என்று மடியில் தூக்கி வைக்கும்போது அழாத பெண்கள் குறைவு. பிறந்த பிள்ளையைப் பெட்டியில் வைத்து ஆற்றில் விட்டவள் குந்தி. அவளை யாரும் போட்டுட்டுப் போனவள் என்று சொல்வதில்லை. ஊருக்குப் பயந்து விட்டாள் என்று நமக்குத் தெரியும், அதனால் அவளோடு சேர்ந்து அழுகிறோம். ஆதியும் பகவனும் ஏழு பிள்ளைகளைப் பிறந்த பிறந்த இடத்தில் விட்டுப் போன கதையையும் ஔவையின் பெயரால் பக்தியோடு கேட்கிறோம். காரணம் தெரிந்த தாய்க்கு இரங்குவதற்கு நமக்குத் தெரியும். அடுத்த வளவுத் தாயின் காரணத்தை நாம் கேட்டுப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

இந்த வருடம் தைப்பொங்கலுக்கு அந்த வீட்டுக்குத் திரும்பவும் போனேன். சாமத்தியமான பிள்ளைக்கு இப்போது பதினாறு. பள்ளிக்கூடம் போகிறாள், சாதாரண தரப் பரீட்சை எழுத இருக்கிறாள். வளவின் முன்பக்கத்தில் புது வீட்டுச் சுவர் லின்டல் மட்டத்துக்கு வந்து நிற்கிறது, கம்பிகள் மேலே நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்றில் யாரோ பள்ளிக்கூடச் சப்பாத்தைக் கழுவிக் காயப் போட்டிருந்தார்கள். தாய்க்கு ஒப்பந்தம் முடிய இன்னும் ஏழு மாதம். நான் போன நேரம், குடும்ப விபரம் எடுக்க ஒரு புது உத்தியோகத்தர் வாசலில் நின்றார். "தாய் எங்க?" என்று கேட்டார். பிள்ளை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துச் சொன்னாள்:

"அம்மா ரியாத்ல. நாங்க அம்மம்மாட்ட."

அவர் முதல் பாதியை மட்டும் எழுதிக்கொண்டார். அவள் வெளியே வந்து, அவர் கையிலிருந்த தாளைப் பார்த்து, "சேர், அம்மம்மாட பெயரையும் போடுங்க" என்றாள்.